மதகு வீட்டில், சாவி வெளியூரில்!

பாபநாசம் அணையிலிருந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதென்றால், அது ஊரறிந்த விஷயம். அரசாங்க உத்தரவு முன்கூட்டியே வந்துவிடும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தெந்தக் கால்வாய்களுக்கு, எத்தனை ஏக்கருக்கு என்றெல்லாம் அதில் கண்டிருக்கும். பத்திரிகைகளில் செய்தி வரும். அதிகாரிகள் வந்து மதகைத் திறந்து, பொங்கி வரும் தண்ணீரில் மலர் தூவுவார்கள். மழைக் காலத்தில் உபரி நீரைத் திறப்பதானாலும், கரையோரத்து ஜனங்களுக்கு எச்சரிக்கை செய்வது வழக்கம். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றை நம்பி நாற்றுப் பாவுகிறவன், தண்ணீர் என்றைக்கு வரும், என்றைக்கு நிற்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புவதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள்.

அதே பாபநாசத்தில், இப்பொழுது வீட்டுக்கு வீடு இன்னொரு மதகு வந்திருக்கிறது. கூடத்தில், டெலிவிஷனுக்குப் பக்கத்திலோ சுவரில் ஆணியடித்தோ, இரண்டு மூன்று கொம்புகளுடன், பச்சை விளக்குகள் கண் சிமிட்ட உட்கார்ந்திருக்கிறதே ஒரு சிறு பெட்டி, அதுதான்! ரவுட்டர் என்று சிலர் சொல்கிறார்கள். மோடம் என்று சிலர். "வைஃபை பெட்டி" என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. பையனின் பாடம், பெண்ணின் காரியாலய வேலை, தாத்தாவின் பென்ஷன் சான்று, வெளிநாட்டிலிருக்கும் மகன் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வாசலில் மாட்டியிருக்கும் காமிரா எல்லாம் இந்த மதகு வழியாகத்தான் பாய்கின்றன. இந்த மதகைத் திறந்து, மூடி, சமயத்தில் பலகையையே மாற்றி வைத்துவிட்டுப் போகிறவர் யார்? எப்பொழுது வருகிறார்? எந்தப் பத்திரிகையிலும் செய்தி வருவதில்லை. எவரும் மலர் தூவுவதும் இல்லை. நடுநிசியில், வீட்டார் உறங்கும் வேளையில் காரியம் முடிந்துவிடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் போன் வேலை செய்கிறது, டெலிவிஷன் சுற்றிக்கொண்டே இருக்கிறது, காமிரா செத்துக் கிடக்கிறது. மத்தியானம் எல்லாம் சரியாகிறது. சாயங்காலம் மறுபடியும் அறுந்து போகிறது.

பெட்டியின் உள்ளே இருக்கும் "ஃபர்ம்வேர்" புதுப்பிக்கப்பட்டதன் விளைவு, பல வீடுகளில் இதுதான்.

சுயம்புலிங்கத்தின் தொழில்

2015-ல் வெளிவந்த "பாபநாசம்" படத்தைப் பார்த்தவர்களுக்குச் சுயம்புலிங்கத்தை மறந்திருக்காது. கமல் ஹாசன் ஏற்ற அந்தப் பாத்திரத்தின் தொழில் கேபிள் டி.வி. நடத்துவது. அந்தத் தொழிலைச் செய்கிறவர்களில் பலர் இன்று, அதே கம்பங்களில், தலைமுடி போன்ற கண்ணாடி இழையை உள்ளே வைத்த மெல்லிய கேபிளை இழுத்து, வீடுகளுக்கு இண்டர்நெட்டும் கொடுக்கிறார்கள். ஆகவே, வீட்டில் நெட் நின்றால் முதலில் ஏச்சு வாங்குகிறவரும் அவர்தான்.

"அண்ணாச்சி, ராத்திரியிலேருந்து நெட்டு வருது, போவுது. நிக்கவே மாட்டேங்கு."

"ஒரு தடவ அமத்திட்டுப் போடுங்கக்கா. சரியாயிரும்."

சரியாகிறது. ஒரு மணி நேரத்துக்குச் சரியாகிறது! பிறகு மறுபடியும் போன். இந்த மனிதர்மீது கோபப்படுவதில் அர்த்தமில்லை. பல சமயங்களில், பெட்டிக்குள் என்ன மாறியது என்பது அவருக்கே தெரியாது. கம்பெனி எங்கோ இருக்கிறது; பெட்டியைச் செய்தவன் அதற்கும் அப்பால் இருக்கிறான். லைன் பார்க்கிறவரின் கையில் ஏணி இருக்கிறது, ஸ்குரூ டிரைவர் இருக்கிறது. சாவி மட்டும் இல்லை.

ஃபர்ம்வேர் என்பது என்ன? பெட்டியின் உள்ளே ஒரு சில்லில் நிரந்தரமாகக் குடியிருக்கும் கட்டளைத் தொகுப்பு. பெட்டிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுவே. எந்தக் கருவியை உள்ளே விடுவது, யாருக்கு எந்த விலாசம் கொடுப்பது, பூட்டை எப்படிப் போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. அந்தத் தொகுப்பில் ஓட்டை தென்பட்டாலோ புதிய வசதி சேர்க்க விரும்பினாலோ, கம்பெனிக்காரர்கள் புதிய தொகுப்பை அனுப்பிப் பழையதை அழித்துவிடுகிறார்கள். இதற்காக ஒருவரும் வீட்டுக்கு வரவேண்டியதில்லை. தூரத்திலிருந்தே பெட்டிகளை நிர்வகிக்க டி.ஆர்.-069 என்ற முறை 2004-ஆம் வருஷமே வகுக்கப்பட்டுவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரே இரவில் பெட்டிகள் மாறிவிடும்.

இந்த ஊருக்கு, தூரத்திலிருந்து ஒரு விசையைக் கட்டுப்படுத்துவது புதிய சங்கதி அல்ல. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே ஆலை வைத்ததே, மலையிலிருந்து விழும் தண்ணீரின் விசைக்காகத்தான். 1944-ல் இந்த நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து வெளியூர்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் ஆலையில் ஷிப்ட் மாறுவதற்குக்கூடச் சங்கு ஊதுவார்கள். மின்சாரத்தை நிறுத்திப் பராமரிப்பு வேலை செய்வதானால், "காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை" என்று ஊர்ப் பெயர்களோடு அறிவிப்பு வருகிறது. வைஃபை பெட்டிக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை இல்லை?

ஏன் அறுந்து போகிறது?

காரணங்கள் பல. அவற்றில் முதன்மையானது இரட்டை அலை விவகாரம். இப்பொழுதுள்ள பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன. முந்தையது மெதுவாகப் போகும். ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். பிந்தையது வேகமாகப் போகும். சுவர் வந்தால் சோர்ந்துவிடும். முன்பு இரண்டுக்கும் தனித் தனிப் பெயர் இருந்தது. வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய தொகுப்பு வந்ததும் இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிட்டு, எந்தக் கருவி எந்த அலையில் போகவேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் பெட்டிகள் உண்டு. கண்டக்டர் நல்லெண்ணத்துடன்தான் செய்கிறார். ஆனால் கல்லிடைக்குறிச்சிக்குப் போகிறவரைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்! கூடத்தில் இருக்கும்போது 5-க்குத் தள்ளப்பட்ட போன், பழைய காலத்துத் தடித்த சுவரைத் தாண்டிச் சமையலறைக்குப் போனதும் தொடர்பை இழக்கிறது. தட்டுத் தடுமாறி 2.4-க்கு வருகிறது, மறுபடியும் தள்ளப்படுகிறது. மலிவு விலைக் காமிராக்கள், பல்புகள், பழைய பிரிண்டர்கள் ஆகியவற்றில் பலவற்றுக்கு 2.4 தவிர வேறு பாஷையே தெரியாது. பெயர் மாறினால் அல்லது இரண்டும் கலந்தால் அவை திகைத்து நின்றுவிடுகின்றன.

அடுத்தது பூட்டு. வைஃபைக்குப் போடும் பூட்டில் டபிள்யூ.பி.ஏ.2 என்பது 2004-ல் வந்தது. அதைவிடப் பலமான டபிள்யூ.பி.ஏ.3 என்பது 2018-ல் வந்தது. புதிய தொகுப்புகள் சில, பெட்டியைப் புதிய பூட்டுக்கோ, பழசும் புதுசும் கலந்த பூட்டுக்கோ மாற்றிவிடுகின்றன. கலந்த பூட்டு இருதரப்பாருக்கும் பொருந்த வேண்டும் என்பதே ஏற்பாடு. காகிதத்தில் பொருந்துகிறது. எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிய காமிரா அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை! அது கதவைத் தட்டுகிறது, பதில் புரியாமல் திரும்புகிறது, மறுபடியும் தட்டுகிறது.

விலாசக் குழப்பம் ஒன்றும் உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் பெட்டி ஒரு எண் விலாசம் கொடுக்கிறது. காமிராவுக்கோ பிரிண்டருக்கோ நிரந்தர விலாசமாக ஒன்றை யாராவது முன்பு எழுதி வைத்திருப்பார்கள். புதுப்பித்தலில் பெட்டி தன் நினைவை இழந்தால், அதே விலாசத்தை வேறொரு போனுக்குக் கொடுத்துவிடும். ஒரே கதவு எண்ணில் இரண்டு குடும்பங்கள் குடியேறினால் தபால்காரர் என்ன செய்வார்? இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு. "வருது, போவுது" என்ற புகாருக்கு இது அசல் காரணங்களில் ஒன்று.

பெட்டியை மட்டும் குற்றம் சொல்லுவதும் சரியில்லை. போனும் புதுப்பிக்கப்படுகிறதல்லவா? ஆண்ட்ராய்டில் 2019-லிருந்தும், ஐபோனில் 2020-லிருந்தும், போன் தன் உண்மையான அடையாள எண்ணை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று எண்ணைக் காட்டும் வசதி வந்தது. வெளியிடங்களில் நம்மை எவரும் பின்தொடராமல் இருக்க இது நல்ல பாதுகாப்பு. ஆனால், "இந்த நான்கு போன்களை மட்டும் உள்ளே விடு" என்று பெட்டியில் ஜாபிதா எழுதி வைத்த வீட்டில் என்ன நடக்கும்? சொந்த மகனே மாறுவேஷத்தில் வந்து நிற்கிறான். வாயில் காப்போன் திருப்பி அனுப்புகிறான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. புதுப்பித்தலுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் ஏராளம். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு அடாப்டர், நாலைந்து வருஷத்தில் தளர்ந்துவிடும். கண்ணாடி இழைக் கேபிளை மூட்டை கட்டினாற்போல் மடக்கி வைத்தால் வெளிச்சம் கசியும். பாபநாசத்துக் குரங்குகளுக்கோ, கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிள் ஊஞ்சலாகத் தெரிகிறது. முந்தாநாள் அப்டேட் வந்தது, நேற்று நெட் நின்றது. ஆகவே அப்டேட்தான் குற்றவாளி என்று தீர்ப்புக் கூறுவது, காக்கை உட்கார்ந்ததால்தான் பனம்பழம் விழுந்தது என்று சாதிப்பது போல.

"பழசே நல்லது" என்பார்க்கு

இவ்வளவு தொல்லை எதற்கு, புதுப்பித்தலே வேண்டாம் என்று அடைத்துவிட்டால் என்ன? இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் 2017-ஆம் வருஷத்து ஜூலை மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதம் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் நாட்டின் பல பகுதிகளில் திடீர் திடீரென்று செயலற்றுப் போயின. சுமார் 60,000 மோடம்கள் பாதிக்கப்பட்டதாக அப்பொழுது செய்திகள் கூறின. காரணம், "பிரிக்கர்பாட்" என்ற நாசகாரத் தொகுப்பு. பிரிக் என்றால் செங்கல். பெட்டியைச் செங்கல்லாக்கிவிடுவது என்று அர்த்தம். கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை வீட்டுக்காரர்கள் மாற்றாமலே வைத்திருந்தார்கள். "அட்மின்" என்ற பெயருக்கு "அட்மின்" என்றே பாஸ்வேர்டு! திறந்த வீட்டில் எது நுழையும் என்று தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள் என்று பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுப்பை எழுதிய ஆசாமி, பாதுகாப்பில்லாத பெட்டிகளை உலகத்திலிருந்து ஒழிப்பதே தன் நோக்கம் என்று சொல்லிக்கொண்டான். வீட்டில் பூட்டு இல்லையென்பதற்காக வீட்டையே கொளுத்திய பரோபகாரி!

அதற்கு முந்தைய வருஷம், 2016 நவம்பர் கடைசியில், ஜெர்மனியில் டாய்ட்ச டெலிகாம் கம்பெனியின் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேருக்கு இண்டர்நெட் அறுந்தது. தூரத்திலிருந்து பெட்டிகளை நிர்வகிக்கும் வாசல் வழியாகவே தாக்குதல் வந்தது. அப்பொழுது கை கொடுத்தது எது? அவசரமாகத் தயாரித்து அனுப்பப்பட்ட புதிய ஃபர்ம்வேர்தான். பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் செருகுங்கள், புதிய தொகுப்பு தானே வந்து சேரும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். 2017 அக்டோபரில், டபிள்யூ.பி.ஏ.2 பூட்டிலேயே ஒரு விரிசல் இருப்பதை பெல்ஜியத்தின் லூவன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹோஃப் வெளியிட்டார். அந்த விரிசலை அடைக்கவும் புதுப்பித்தல் ஒன்றே வழி. ஆகவே, மருந்தே வேண்டாம் என்பது பேச்சல்ல.

ஆனால் மருந்து மாறிப்போனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் லாக்ஸ்டேட் என்ற கம்பெனி, வைஃபையில் இயங்கும் தன் கதவுப் பூட்டுகளுக்குப் புதிய ஃபர்ம்வேர் அனுப்பியது. ஒரு மாடலுக்கு உரியதை இன்னொரு மாடலுக்கு அனுப்பிவிட்டார்கள். சுமார் 500 பூட்டுகள் தூரத்திலிருந்து திருத்த முடியாதபடி முடங்கின. பூட்டின் ஒரு பாகத்தைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்பி வைத்துக் காத்திருக்க வேண்டிவந்தது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய பரீட்சை

வைத்தியர் வருவதற்கு முன் நாடி பார்க்கும் அளவுக்கு வீட்டாரும் தெரிந்துகொள்ளலாம். நெட் அறுந்தவுடன் பெட்டியைப் பார்க்க வேண்டும். உடனே அணைத்துப் போடக் கூடாது. எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து மறுபடியும் எரிகின்றனவா? அப்படியானால் பெட்டி தானே மடிந்து எழுகிறது. அடாப்டரையோ மின்சாரத்தையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். "லாஸ்" என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா? வெளியே கேபிளில் கோளாறு; அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டியதுதான். இரண்டும் இல்லையென்றால், ஒரு கம்ப்யூட்டரை வயர் மூலம் பெட்டியில் நேராக இணைத்துப் பார்க்கலாம். வயரில் நிலையாக வந்து, வைஃபையில் மட்டும் அறுந்தால், கோளாறு வானலையில் இருக்கிறது. வயரிலும் அறுந்தால், பெட்டியிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது. லைன் பார்க்கிறவருக்கு இந்த ஒரு தகவலைச் சொன்னால் அவருக்குப் பாதி நாள் மிச்சம்.

அறுவது ஒரு கருவிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா? ஒன்றுக்கு மட்டும் என்றால், அந்தக் கருவியில் பழைய வைஃபை பெயரை "மறந்துவிடு" என்று நீக்கி, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்துச் சேர்த்தால், பெரும்பாலும் சமாதானமாகிவிடும். காமிரா, பல்பு, பிரிண்டர் வகையறாக்கள் மட்டும் முரண்டு பிடித்தால், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 2.4-க்கும் 5-க்கும் தனித் தனிப் பெயர் வைக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கருவிகளை விருந்தாளிகளுக்கான தனி வைஃபையில், டபிள்யூ.பி.ஏ.2 பூட்டோடு குடிவைப்பது இன்னும் உத்தமம். அந்தப் பக்கத்திலேயே ஃபர்ம்வேரின் பதிப்பு எண்ணும், பெட்டி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதும் இருக்கும். பதிப்பு எண்ணை மாதம் ஒரு முறை காலண்டர் ஓரத்தில் குறித்து வைத்தால், அப்டேட் வந்ததா இல்லையா என்ற சண்டைக்கே இடமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் ஆகாது. பெட்டியின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது. அதில் குண்டூசியைக் குத்திப் பத்து விநாடி பிடித்தால் பெட்டி பிறந்த நாள் நிலைக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுப் பையன் இதை உடனே சிபாரிசு செய்வான். ஆனால் கம்பெனி கொடுத்த யூசர் பெயர், பாஸ்வேர்டு, வீலான் எண் எல்லாம் அதோடு அழிந்துவிடும். அவற்றை எழுதி வைத்திராத வீட்டில், அரைகுறையாக வந்துகொண்டிருந்த நெட் அடியோடு நின்றுபோகும்.

யார் சொல்லவேண்டும்?

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வாதம் இருக்கிறது. அது அலட்சியப்படுத்தக்கூடிய வாதமல்ல. "வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் புதுப்பிக்க வேண்டுமென்றால், ஒருவரும் சம்மதம் என்று அழுத்த மாட்டார்கள். ஓட்டைகள் அப்படியே இருக்கும். 2017 மறுபடியும் வரும்" என்கிறார்கள். உண்மைதான். பாஸ்வேர்டையே மாற்றாதவர்கள், ஃபர்ம்வேரை மாற்றப் போகிறார்களா?

ஆனால் இங்கே கேட்பது சம்மதமல்ல. அணையைத் திறக்கக் குடியானவனிடம் யாரும் கையெழுத்து வாங்குவதில்லை. சொல்லிவிட்டுத் திறக்கிறார்கள், அவ்வளவுதான். "இன்ன தேதி, இன்ன நேரத்தில் உங்கள் பெட்டி புதுப்பிக்கப்படும். இன்ன மாறுதல் வரும். கோளாறு கண்டால் இன்ன எண்ணுக்குச் சொல்லவும்" என்று நாலு வரி, தமிழில், போனில் வந்தால் போதாதா? மாதக் கட்டணம் முடியப்போகிறது என்பதை ஒரு வாரம் முன்பிருந்தே காலையும் மாலையும் நினைவூட்டத் தெரிந்தவர்களுக்கு இது முடியாத காரியமா?

இரண்டாவது, ஓட்டை அடைக்கும் வேலையையும் ஒப்பனை வேலையையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. பாதுகாப்புக்காக வந்த புதுப்பித்தலோடு, கேட்காத புதிய வசதி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்து, அது காமிராவைத் துண்டித்துவிட்டால், அடுத்த முறை வீட்டுக்காரர் பாதுகாப்பையும் சேர்த்தே வெறுப்பார். ஐரோப்பிய யூனியன் 2024-ல் நிறைவேற்றிய சைபர் பாதுகாப்புச் சட்டம், முடிந்த இடங்களில் இவ்விரண்டையும் தனித் தனியே கொடுக்க வேண்டும் என்கிறது. அச்சட்டத்தின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 2027 டிசம்பர் வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பது சட்ட விரோதம். எத்தனை காலத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் கிடைக்கும் என்பதையும் விற்கிறவர் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். நமது நாட்டிலும் தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. அதற்கான விதி 2017-ல் வந்தது. நல்லதே. ஆனால் சோதனைச் சாலையில் தேறிய பெட்டி வேறு. மூன்று வருஷமும் ஏழெட்டுப் புதுப்பித்தல்களும் கண்ட பிறகு கூடத்தில் கண் சிமிட்டும் பெட்டி வேறு. வெளித்தோற்றம் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

மூன்றாவது, திரும்பி வர ஒரு வழி. புதிய தொகுப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதைத் திருத்தி அனுப்பும் வரை பழையதற்குத் திருப்ப, உள்ளூரில் லைன் பார்க்கிறவருக்கு அதிகாரம் வேண்டும். பழையதில் அபாயமான ஓட்டை இருந்தால் திருப்ப முடியாது என்பது சரி. அப்பொழுது அதைச் சொல்லட்டும், பெட்டியை மாற்றிக் கொடுக்கட்டும். ஏச்சுக்கு மட்டும் உள்ளூர்க்காரர், சாவிக்கு மட்டும் தலைமைக் காரியாலயம் என்ற இப்போதைய ஏற்பாடு நியாயமானதல்ல. வாரக் கணக்கில் அறுந்து அறுந்து வந்த சேவைக்கு முழு மாதக் கட்டணம் வாங்குவதும் அப்படித்தான். குறை தீராதவர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குச் சொல்லலாம். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் அறுந்தது என்று எழுதி வைத்திருப்பவரின் புகாருக்குப் பலம் அதிகம்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் புதுப்பித்தால் எவருக்கும் தொந்தரவில்லை என்று நகரத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். மலையடிவாரத்தில் ஐப்பசி, கார்த்திகை இரவுகள் எப்படியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது போலும். பொதிகையில் இடி இடித்தால் விக்கிரமசிங்கபுரத்தில் விளக்கு அணையும். பெட்டி பழைய தொகுப்பை அழித்து, புதியதைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் மின்சாரம் போனால், உள்ளே பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நல்ல பெட்டிகளில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்றில் எழுதும்போது மற்றொன்றில் பழைய தொகுப்பு பத்திரமாக இருக்கும். மின்சாரம் வந்ததும் அதைக் கொண்டு எழுந்துவிடும். இந்த இரண்டாவது அறை இல்லாத பெட்டிகளை மழைக்கு முன்பே புதுப்பித்து முடிக்கலாம். அல்லது மழை ஓய்ந்த தை மாதம் வரை பொறுத்திருக்கலாம். ஓட்டை பெரிது, பொறுக்க முடியாது என்றால், வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில், சொல்லிவிட்டுச் செய்யலாம். இன்வெர்ட்டர் உள்ளவர்கள் பெட்டியின் அடாப்டரை அந்த இணைப்பில் செருகி வைத்துவிடுவார்கள்.